ஏவலாளும் கொலையும்

கொலை நடந்த வீட்டிற்குத் துப்பறிவோன் வந்து சேர்ந்ததும் செய்யும் முதற்காரியம் யாது? அன்றிரவு அவ்வீட்டில் யார் யார் இருந்தனர் என்று கணக்கெடுப்பதேயாம். கத்தியைத் தேடுவதும், காலடித் தடத்தை அளப்பதும், பூட்டைச் சோதிப்பதும் அதற்குப் பின்னரே. அக்கணக்கில் எவர் பெயர் ஏறுகின்றதோ அவர் ஐயத்திற்குரியவர். ஏறாதவரை எவரும் விசாரிப்பதில்லை. துப்பறியும் கதைகளை விரும்பிப் படிக்கும் நம் அன்பர்கள் இதனை நன்கறிவர். ஆனால், அக்கணக்கை எழுதுவோர் யாரைச் சேர்க்கின்றனர், யாரைச் சேர்க்காது விடுகின்றனர், ஏன் விடுகின்றனர் என்பதை நம்மில் எத்தனை பேர் சிந்தித்துப் பார்த்திருக்கின்றோம்?

தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கு எழுதும் கிராணி வேலையில் உள்ள நமக்குப் பெயரேட்டின் இயல்பு ஓரளவு தெரியும். ஏட்டில் பெயர் ஏறியவனுக்கே அன்றைய கூலி. பெயர் ஏறாதவன் நிரை முழுவதும் மரம் வெட்டி முடித்திருப்பினும், ஏட்டின்படி அவன் அன்று தோட்டத்திலேயே இல்லை. எழுதுவோன் எதனை உண்மையென்று ஒப்புக்கொண்டானோ அதனையே ஏடு காட்டும். கொலை விசாரணைக்காரனின் பட்டியலும் இத்தன்மையதே. இதனை விளக்குதற்கு, இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் 1977ஆம் ஆண்டில் காட்டப்பட்ட ஒரு கொலைக் கதையையும், அக்கதை பிறப்பதற்கு முன் நடந்த வரலாற்றையும் ஈண்டு ஆராய்வோம்.

பி.பி.சி. தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23ஆம் நாள் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரைப் பற்றி நம்மவரிற் பலர் கேள்வியுற்றிருப்பர். 'டாக்டர்' என்று மட்டும் அழைக்கப்படும் வேற்றுலகத்தார் ஒருவர், காலத்தையும் ஆகாயத்தையும் கடந்து செல்லும் ஊர்தியில் ஏறிப் பல உலகங்களைச் சுற்றி வருவதே அத்தொடரின் பொருள். 1977 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 19 வரை, நான்கு சனிக்கிழமைகளில், 'மரண ரோபோக்கள்' என்று பொருள்படும் தலைப்புடைய கதை நான்கு பகுதிகளாகக் காட்டப்பெற்றது. எழுதியவர் கிறிஸ் பௌச்சர். இயக்கியவர் மைக்கேல் பிரையன்ட். டாக்டராக டாம் பேக்கரும், அவருக்குத் துணையாக வரும் லீலா என்னும் வேட்டுவக் குலப் பெண்ணாக லூயீஸ் ஜேம்சனும் நடித்தனர்.

கதை நிகழுமிடம் ஒரு பெரும் பாலைவனம். அப்பாலைவன மணலை வாரி, அதனின்று விலையுயர்ந்த தாதுக்களைப் பிரித்தெடுக்கும் பேரியந்திரக் கப்பல் ஒன்று அதில் ஊர்ந்து செல்கின்றது. கப்பலில் உள்ள மனிதர் ஒரு சிலரே. உடலுழைப்பு அனைத்தையும் செய்வன ரோபோக்கள் எனப்படும் இயந்திர ஆட்கள். மனிதர் சாய்ந்திருந்து சதுரங்கம் ஆடுவர், இலாபத்தைக் கணக்கிடுவர், தம்முள் யார் உயர்குடிப் பிறந்தவர் என்று வாதிடுவர். ரோபோக்களுக்குள்ளும் மூன்று படி உண்டு. பேச்சில்லாத ஊமை ரோபோக்கள் கடைப்படி, பேசவல்லவை இடைப்படி, எல்லாவற்றையும் மேற்பார்க்கும் ஒன்று மட்டும் தலைப்படி. அவற்றின் முகங்கள் சிற்பி செதுக்கிய சிலைமுகம் போல் அழகியவை. குரலோ எப்பொழுதும் சாந்தமானது.

இக்கப்பலில் ஒருவர் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டு கிடக்கின்றார். ரோபோ ஒன்று மனிதனொருவனின் கையைத் திருகிப் பிடுங்கிய கதையைச் சற்றுமுன் வேடிக்கையாகச் சொல்லிக் கொண்டிருந்தவரே அவர். உடனே கப்பலில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் பழிக்கத் தொடங்குகின்றனர். அந்நேரத்தில் வந்து சேர்ந்த டாக்டரும் லீலாவும் அந்நியர் என்ற ஒரே காரணத்தால் பிடித்துக் கட்டப்படுகின்றனர். அவர்கள் கட்டுண்டிருக்கையிலும் கொலை நிற்கவில்லை. ஸில்டா என்னும் உயர்குடிப் பெண் மாண்டபோது, அவள் உடலருகே நின்ற கப்பல் தலைவர் உவானோவ் மீது பழி சாய்கின்றது. தன் தமையனின் பழைய மரணத்திற்கு அவரே காரணமென்று அவள் அப்பொழுதுதான் குற்றஞ்சாட்டியிருந்தாள்.

இங்கே ஒரு விநோதத்தைக் கவனிக்க வேண்டும். கதையின் தலைப்பே கொலைக்கருவி எதுவென்று கூறிவிடுகின்றது. வீட்டிலிருந்து பார்த்த சிறுவனுக்கும் முதல் வாரத்திலேயே அது தெரியும். கப்பலுக்குள் இருப்போர்க்கு மட்டும் தெரியவில்லை. அவர்களைச் சுற்றி நாற்புறமும் ரோபோக்கள் நின்று பானம் பரிமாறுகின்றன. பிணத்தை எடுத்துச் செல்வனவும் அவையே. எனினும் ஐயப்பட்டோர் பட்டியலில் அவற்றின் பெயர் ஏறவேயில்லை. ஆதலின், 'கொன்றது யார்?' என்பதினும், 'கண்முன் நிற்பதை இவர்கள் காணாதிருப்பது ஏன்?' என்பதே பார்ப்போர் மனத்தில் நிற்கும் வினாவாகின்றது. இவ்வினா 1977இல் புதிதாகப் பிறந்ததன்று. இரண்டு பழைய ஆறுகள் வந்து கலந்த இடமே இக்கதை. முதலாவது துப்பறியும் கதை. இரண்டாவது ரோபோக் கதை.

முதலாவதைப் பார்ப்போம். ஜி. கே. செஸ்டர்டன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1911இல் வெளியிட்ட பாதிரியார் பிரௌன் கதைத் தொகுதியில், கண்ணுக்குப் புலப்படாத மனிதனைப் பற்றிய கதையொன்று உளது. இயந்திர வேலைக்காரர்களைச் செய்து விற்றுப் பொருளீட்டிய ஒருவர் தம் வீட்டிலேயே கொல்லப்படுகின்றார். வீட்டில் அவ்வியந்திரப் பதுமைகளைத் தவிர வேறெவரும் இலர். வாயிலைக் கவனித்திருந்த நால்வரும் எவரும் உள்ளே செல்லவில்லை என்று உறுதியாகக் கூறுகின்றனர். பதுமையே எசமானனைக் கொன்றதோ என்ற பயங்கர எண்ணங்கூட ஒருவர் உள்ளத்தில் எழுகின்றது. உண்மை யாதெனில், தபாற்காரன் வேடத்தில் ஒருவன் எல்லார் கண்ணெதிரிலும் உள்ளே சென்று, கொன்று, உடலையும் தபாற்பையில் வைத்துத் தூக்கிச் சென்றுவிட்டான். நால்வரும் பொய் சொல்லவில்லை. தபாற்காரனை ஓர் ஆளாக அவர்கள் எண்ணிப் பழகவில்லை, அவ்வளவே.

செஸ்டர்டன் குறையென்று காட்டியதை அடுத்த தலைமுறையினர் விதியாகவே வகுத்துவிட்டனர். எஸ். எஸ். வான்டைன் என்ற புனைபெயர் கொண்ட அமெரிக்க எழுத்தாளர் 1928இல் துப்பறியும் கதைகளுக்கு இருபது விதிகளை வெளியிட்டார். அவற்றுள் பதினொன்றாம் விதி, வேலைக்காரனைக் குற்றவாளியாக்கலாகாது என்பது. அது மிக எளிய தீர்வாகிவிடுமாம். குற்றவாளி மதிப்புக்குரிய ஒருவராயிருத்தல் வேண்டுமாம். இது வேலைக்காரர்பாற் கொண்ட இரக்கமென்று எண்ணிவிட வேண்டா. வாசகர் ஊகித்து விளையாடும் ஆட்டத்தில் ஒரு காயாக நிற்கும் தகுதிகூட அவருக்கு இல்லை என்பதே அதன் பொருள். மறுவருடம், 1929இல், ரொனால்டு நாக்ஸ் பாதிரியார் வகுத்த பத்து விதிகளுள் ஒன்று, சீனர் எவரும் கதையில் வரலாகாது என்றது. சீனரைக் கொடியவராக நிறுத்துவது அக்காலத்து மலிவுக் கதைகளில் வழக்கமாய்ப் போனமையால் அதனை எள்ளி எழுதிய விதி அது. ஒரு சாராரை எதற்கும் ஐயப்படுவதில்லை. மற்றொரு சாராரை எதற்கும் ஐயப்படுவது. இரண்டிலும் முகத்தைப் பார்த்து மனிதனை அறியும் முயற்சி இல்லை.

இனி இரண்டாவது ஆற்றிற்கு வருவோம். ரோபோ என்னும் சொல் ஆங்கிலச் சொல்லன்று. செக்கு நாட்டுச் சொல். காரெல் சாப்பெக் என்னும் செக்கு நாடகாசிரியர் 1920இல் வெளியிட்டு, 1921 ஜனவரியில் பிராக் நகரில் அரங்கேறிய 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகத்தின் வாயிலாகவே அது உலகெங்கும் பரவிற்று. சொல்லைச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தமையனாராகிய ஓவியர் ஜோசப் சாப்பெக். 'ரொபோட்டா' என்பது செக்கு மொழியில் குடியானவன் நிலக்கிழாருக்குக் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய வேலையைக் குறித்த சொல். நம் முன்னோர் மொழியில் கூறின், வெட்டி வேலை. 1775இல் பொஹீமியாக் குடியானவர்கள் இதனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டே அரசியார் மரியா தெரேசா, வெட்டி வேலை வாரத்திற்கு மூன்று நாளுக்கு மேற்படலாகாதென்று ஆணை பிறப்பித்தார். அது அடியோடு ஒழிந்தது 1848இலேதான். ஆகவே, ரோபோ என்று நாம் சொல்லும்போதெல்லாம், இரும்பையும் மின்சாரத்தையும் கண்டறியாத ஏழைக் குடியானவனின் முதுகுவலியையே வாயாற் சொல்லுகின்றோம். தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

சாப்பெக்கின் நாடகத்தில் வரும் ரோபோக்கள் இரும்பால் ஆனவையல்ல; செயற்கைச் சதையால் வார்க்கப்பட்டவை. வேலை செய்வதற்கென்றே ஆக்கப்பட்ட அவை இறுதியில் எழுச்சி செய்து மனித குலத்தையே மாய்க்கின்றன. ஒருவரை மட்டும் விட்டுவைக்கின்றன. அவர் அல்குவிஸ்ட் என்னும் கட்டடப் பணித் தலைவர்; தங்களைப் போல் கையால் உழைப்பவர் என்பதே காரணம். அங்கே பட்டியல் தலைகீழாகின்றது. எழுதுகோல் ஏவலாளின் கைக்கு மாறியதும், உழைப்பவன் என்ற ஒரே தகுதி கேட்கப்படுகின்றது. 1938 பிப்ரவரி 11ஆம் நாள் பி.பி.சி. இந்நாடகத்தின் ஒரு பகுதியை 35 நிமிடக் காட்சியாக ஒளிபரப்பியது. தொலைக்காட்சியிற் காட்டப்பட்ட முதல் விஞ்ஞானக் கற்பனை அதுவே என்பர். ஆக, தொலைக்காட்சியும் ஏவலாள் கதையும் தொடக்கத்திலிருந்தே உடன் வந்தவை.

சாப்பெக் எழுப்பிய அச்சத்தை அடக்க முயன்றவர் அமெரிக்க எழுத்தாளர் ஐசக் அசிமோவ். 1942இல் வெளிவந்த ஒரு சிறுகதையில் அவர் மூன்று விதிகளை வகுத்துரைத்தார். ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யலாகாது, தீங்கு நேரவும் விடலாகாது என்பது முதல் விதி; அவ்விதிக்கு மாறுபடாதவரை மனிதனின் ஆணைக்குக் கீழ்ப்படிய வேண்டுமென்பது இரண்டாவது; இவ்விரண்டிற்கும் முரணாகாதவரை தன்னைக் காத்துக்கொள்ள வேண்டுமென்பது மூன்றாவது. விஞ்ஞானக் கற்பனையில் துப்பறியும் கதை எழுதவே இயலாது என்று பத்திரிகாசிரியர் ஜான் கேம்பல் கூறிவந்தார். எதிர்காலக் கருவி ஒன்றை நீட்டினால் மர்மம் தீர்ந்துவிடுமே, வாசகர் எதைக் கொண்டு ஊகிப்பார் என்பது அவர் வாதம். அதற்கு விடையாகவே அசிமோவ் 'இரும்புக் குகைகள்' என்று பொருள்படும் நாவலை 1953, 1954இல் வெளியிட்டார். அதில் மனிதத் துப்பறிவோனுக்குத் துணைவன் ஒரு ரோபோ. கொலைக்கருவியைச் சுமந்து சென்றதும் ஒரு ரோபோவே. ஆனால் தான் சுமப்பது எதற்கென்று அது அறியாது. கொன்றவன் மனிதன். பி.பி.சி. 1964இல் இந்நாவலையும் நாடகமாக்கி ஒளிபரப்பியது.

அதே 1964ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் 'அவுட்டர் லிமிட்ஸ்' என்ற தொடர் இதற்கு நேர்மாறான வழக்கொன்றைக் காட்டிற்று. ஆடம் லிங்க் என்னும் ரோபோ, தன்னைப் படைத்த விஞ்ஞானியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நிற்கின்றது. விஞ்ஞானி மாண்டது விபத்தால். ஆயினும் இயந்திரம் என்பதொன்றே சாட்சியாகிவிடுகின்றது. குற்றவாளியென்று தீர்ப்பும் ஆகின்றது. வெளியே கொண்டுவரப்படும்போது, வண்டியின் முன் அகப்பட்ட ஒரு சிறுமியைக் காத்துத் தான் நொறுங்கிப் போகின்றது. 1939இல் ஈண்டோ பைண்டர் என்ற புனைபெயரில் வெளிவந்த கதையின் வழி வந்தது இது.

இவ்வளவையும் நினைவிற்கொண்டு மீண்டும் 1977ஆம் ஆண்டுக் கப்பலுக்குச் செல்வோம். அங்குள்ளோர் ஏன் ரோபோக்களை ஐயப்படவில்லை? முதற்காரணம் விதி. மனிதனுக்குத் தீங்கு செய்ய இயலாதவாறே அவை ஆக்கப்பட்டுள்ளன என்று எல்லாரும் நம்பியிருந்தனர். இரண்டாவது காரணம் இதனினும் ஆழமானது. அவ்வுலகின் நாகரிகம் முழுவதும் ரோபோக்களின் உழைப்பின்மீது நிற்கின்றது. அவை கொல்லக்கூடுமென்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் அந்நாகரிகமே சரிந்துவிடும் என்பதை டாக்டர் எடுத்துக்காட்டுகின்றார். எனவே, அவர்களின் குருடு அறியாமையால் வந்ததன்று, வசதியால் வந்தது. எந்த உண்மையை ஏற்றால் நாளைக் காலையில் தன் காப்பியைத் தானே கலக்க வேண்டிவருமோ, அந்த உண்மை மனிதன் கண்ணிற் படுவதே இல்லை.

உண்மையைக் காண்பவர் யாவர்? ஒருத்தி லீலா. ஏட்டுக்கல்வி அற்றவள், காட்டில் வேட்டையாடி வாழ்ந்தவள். பௌல் என்பார் கப்பற் பணியாளர் போல் வேடமிட்டு வந்த இரகசிய அதிகாரி என்பது பிறகே மற்றவர்க்குத் தெரிகின்றது. லீலாவோ அவர் நடக்கும் நடையைப் பார்த்தே, எப்பொழுதும் கவனித்திருக்கும் வேட்டைக்காரர் இவர் என்று கண்டுகொள்கிறாள். மற்றொருவர், பௌலுடன் இரகசியமாக அனுப்பப்பட்ட துப்பறிவோர். யாரெனில், டி.84 என்னும் ரோபோ. கடைப்படியைச் சேர்ந்த ஊமை ரோபோவாக நின்றிருந்த அது உண்மையில் பேசவல்லது. தர்க்கஞ்செய்து முடிவு காணவல்லது. பேச இயலாது என்று எல்லாரும் எண்ணியமையால் எவரும் அதனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரகசிய அதிகாரி பௌலோ, இரத்தம் தோய்ந்த ரோபோக் கை ஒன்றைக் கண்டவுடன் புத்தி பேதலித்துப் போகின்றார். தம் நம்பிக்கை அடியோடு இடிந்ததை அவரால் தாங்க இயலவில்லை.

ரோபோக்களை ஏவியவன் டாரென் கப்பெல் என்னும் விஞ்ஞானி. இப்பெயர் காரெல் சாப்பெக்கின் பெயரை நினைவூட்டும்படி இடப்பட்டதென்பர். ஆங்கில எழுத்திற் பார்த்தால் இரண்டும் உடன்பிறந்தவை போல் இருக்கும். குழந்தைப் பருவமுதல் ரோபோக்களாலேயே வளர்க்கப்பட்டவன் அவன். டாஸ்க் என்ற பொய்ப்பெயரில், பழுதுபார்ப்போனாகக் கப்பலில் ஒளிந்திருக்கின்றான். ரோபோக்கள் என் சகோதரர், அவற்றை மனிதரின் அடிமைத்தளையினின்று விடுவிப்பேன் என்று முழங்குகின்றான். கேட்பதற்கு நல்ல வார்த்தைதான். சீர்திருத்தம் விரும்பும் நாமும் தளையறுக்க வேண்டுமென்போரே. ஆனால் அவன் செய்தது யாது? ஒவ்வொரு ரோபோவின் மூளையையும் கருவிகொண்டு திருத்தி, தன் குரலுக்கு மட்டுமே அடங்கும்படி செய்தான். விடுதலை வேண்டுமா, எவ்விதமான விடுதலை வேண்டும் என்று ஒன்றையேனும் அவன் கேட்டதுண்டா? பழைய எசமானனின் இடத்தில் புதிய எசமானன் அமர்ந்தான்; அவ்வளவே. கேளாமல் தரப்படும் விடுதலையும் ஓர் ஆணைதான் என்பதை இக்கதை தெளிவாகக் காட்டுகின்றது.

அவன் முடிவும் இதற்கேற்பவே அமைந்துள்ளது. அவன் நிற்கும் அறையில், ஒளிந்திருக்கும் லீலா டாக்டர் சொற்படி ஹீலியம் வாயுவைத் திறந்துவிடுகிறாள். காற்றினும் இலேசான அவ்வாயுவில் ஒலி விரைந்து செல்லுமாதலின் மனிதன் குரல் கீச்சென்று மாறிவிடும். கப்பெல் ஆணையிடுகின்றான், தலைப்படி ரோபோவாகிய எஸ்.வி.7 அக்குரலை அறியவில்லை. சகோதரன் என்றவனையே கழுத்தை நெரித்துக் கொல்லுகின்றது. உண்மையான சகோதரன் எனின், முகத்தாலும் பழக்கத்தாலும் அன்பாலும் அறியப்பட்டிருப்பானன்றோ? இவன் ஆணைக்குரலாக மட்டுமே இருந்தான். குரல் போனதும் அவன் யாருமில்லை.

டி.84 அதற்கு முன்பே மாண்டுவிட்டது. அருகிலுள்ள ரோபோக்களின் மூளையை எரிக்கும் கருவி ஒன்றை டாக்டர் செய்திருந்தார். அதனை இயக்கினால் தானும் அழிய நேரும் என்று தெரிந்தே, சேதமுற்றுக் கிடந்த நிலையில், டி.84 அதனை இயக்குகின்றது. கொல்ல வந்த ரோபோ வீழ்கின்றது, அதுவும் வீழ்கின்றது. அதற்கு அவ்வாறு செய்யும்படி எவரும் ஆணையிடவில்லை. கதை முழுவதிலும் ஒரு ரோபோ தானே எண்ணித் தானே துணிந்து செய்த காரியம் இது ஒன்றே. விடுதலை என்று வாயாற் சொன்னவன் கப்பெல். அதனைச் செய்கையாற் காட்டியது ஊமையென்று ஒதுக்கப்பட்ட டி.84.

இனி நாம் கொள்ளவேண்டிய கருத்து யாது? ஏவலாளை ஐயப்படாதிருந்தது அக்கப்பலார் அவனுக்குச் செய்த மரியாதையன்று. நாற்காலியை எவரும் ஐயப்படுவதில்லை அல்லவா? அவ்விதமாகவே அவனையும் விட்டனர். அதனால் வந்த நஷ்டம் ஒன்றன்று, இரண்டு. கொன்ற கை எதுவென்று அவர்கள் காணவில்லை. காக்க வந்த கை எதுவென்றும் காணவில்லை. கடைப்படியில் நின்ற டி.84இடம் முதல் நாளே ஒருவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும்! ஆடம் லிங்கை முதலிலேயே ஐயப்பட்ட நீதிமன்றமும், டி.84ஐக் கணக்கிலேயே எடாத கப்பலும் இழைத்த பிழை ஒன்றே. இருவரும் அவனை ஒரு வகையென்று கண்டனர். ஓர் ஆளென்று காணவில்லை.

எந்தச் சமுதாயத்தின் நேர்மையை அறிய வேண்டினும், அது எழுதி வைத்துள்ள பட்டியல்களைப் பார்த்தால் போதும். குற்றஞ்சாட்டும் பட்டியலில் யார் முதலில் நிற்கின்றனர், சாட்சி கேட்கும் பட்டியலில் யார் பெயரே இல்லை என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தேநீர் கொண்டுவருபவனும், வாயில் காப்பவனும், அறை கூட்டுபவளும் அன்றிரவு அவ்வீட்டில்தான் இருந்தனர். அவர்களுக்கும் கண் உண்டு, காது உண்டு, தம் கருத்தென்று ஒன்றும் உண்டு. அவர்களையும் பெயர் சொல்லி அழைத்து, நீ என்ன கண்டாய் என்று கேட்கும் வரையில் எந்த விசாரணையும் நிறைவு பெற்றதாகாது.